கொத்தனார் வீட்டு உயிர்வேலி

சுவர் கட்டுவது என் தொழில். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் பல வீடுகளுக்கு கம்பவுண்ட் சுவர் எழுப்பியிருக்கிறேன். என் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி மட்டும் சுவர் கிடையாது. கிளுவை, நொச்சி, ஆடாதொடை, மருதாணி எல்லாம் கலந்த உயிர்வேலிதான். "ஏனுங்க மேஸ்திரி, உங்க வீட்டுக்குக் கட்டக் கல்லு பத்தலீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் சுவரின் குணம் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்: வீட்டு முகப்புக்குச் சுவர் இருக்கட்டும், தோட்டம் உள்ள பக்கத்துக்கு வேலிதான் சரி.

முதலில் காற்று. வைகாசிக் கடைசியில் கிளம்பும் மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து எங்கள் பக்கம் வரும்போது வேகம் பிடித்துவிடும். பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளை இத்தனை நெருக்கமாக நட்டிருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்று முழுச்சுவரில் மோதினால் மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். சுவரை ஒட்டி நட்ட வாழையும் பப்பாளியும் முறிவது அதனால்தான். நடுநடுவே தூண் கொடுக்காமல் நீளமாக எழுப்பிய ஹாலோ பிளாக் சுவர்கள் ஆடியில் சாய்ந்து, திரும்பக் கட்டும் வேலை எனக்கு வந்ததுண்டு. செடிவேலி காற்றை முட்டுக்கட்டை போட்டு நிறுத்தாது. பாதியை உள்ளே விட்டு, பாதியைத் தணிக்கும். அதனால் சுழல் எழாது. வேலியின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறைந்திருக்கும். ஐந்தடி வேலி என்றால் ஐம்பது அடி. ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அது தாராளம். காற்று தணிந்தால் மண் காய்வதும் குறையும், தண்ணீர் ஊற்றும் முறையும் குறையும்.

அடுத்தது சூடு. மேற்குப் பார்த்த சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி அதைக் கக்கும். இலைக்கு அந்த வேலை இல்லை; அது தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னையும் பக்கத்தையும் குளிர வைத்துக்கொள்ளும். சிமெண்ட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், என் பிழைப்பே அதில்தான் என்றாலும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் கரியின் புகை தனி. உலகம் முழுக்க மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்ட்டால் வருவது. வேலி அந்த வாயுவை வாங்கித் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு வீட்டு வேலியால் உலகம் குளிர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கட்டாமல் விட்ட சுவரும் ஒரு கணக்குத்தானே.

மழைத் தண்ணீருக்கும் இதே கதை. சரிவான மனையில் சுவர் கட்டினால் தண்ணீர் போக ஓட்டை விட வேண்டும். அந்த ஓட்டை வழியாக எங்கள் செம்மண் மொத்தமும் ரோட்டுக்குப் போய்விடும். வேலியடியில் ஒரு சின்ன வரப்பும், அதன்மேல் உதிர்ந்த சருகும் இருந்தால் ஓடுகிற தண்ணீர் நின்று, மண்ணைப் படிய வைத்துவிட்டு, வேர்த்தடம் பிடித்து உள்ளே இறங்கும். ரோட்டோர வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. லாரி கிளப்பும் புழுதியில் பெரும்பங்கு இலைகளில் தங்கி, மழையில் கழுவிப் போகும்.

யார் யார் குடியேறுவார்கள்

வேலி வைத்து இரண்டு மழை பார்த்துவிட்டால், நீங்கள் கூப்பிடாமலே ஆட்கள் வந்து சேர்வார்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையில் அடிச்சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். கோவைப்பழம் சிவந்தால் கொண்டைக்குருவி வந்து கொத்தும். ஓணான் எப்போதும் உண்டு. தையல்சிட்டு அகன்ற இலைகளைத் தேடி வரும். எங்கள் வேலியில் ஒரு கூடு பார்த்தேன். ஆடாதொடையின் இரண்டு இலைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, அலகால் துளை போட்டு, துளைக்கு ஒரு முடிச்சாக நூலை இழுத்து விட்டிருந்தது. நூல் ஏதென்று கிட்டப் போய்ப் பார்த்தால் பனியன் கம்பெனி வேஸ்ட். ரோஸ் கலர். திருப்பூர் பக்கத்துக் குருவி வேறு எதில் தைக்கும்!

வேலியில் தானாக ஏறும் வேலிப்பருத்திக் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். எருக்கிலும் இந்தக் கொடியிலும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு வெளியே வந்தால் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்போடு இருக்கும். இலையைத் தின்று தீர்க்கும், பயப்பட வேண்டாம், கொடி திரும்பத் துளிர்க்கும். பக்கத்திலுள்ள கத்தரிக்கும் தக்காளிக்கும் அந்தப் புழு போகாது. ஈஸ்வரமூலிக் கொடி கிடைத்தால் அதையும் ஒரு மூலையில் ஏற்றுங்கள். சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக வரும் ரோஜா அழகிகளுக்கு அந்தக் குடும்பத்துச் செடிதான் சாப்பாடு. அந்தக் கொடியை நாமோ ஆடோ வாயில் வைக்கக் கூடாது, அதில் நஞ்சு உண்டு.

காய்கறி போடுகிறவர்களுக்குக் கைமேல் பலன் தேனீயால் வரும். பீர்க்கு, புடலை, பூசணி மூன்றிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. தேனீயோ வண்டோ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். நொச்சி ஊதாப் பூ விட்டால் வேலி முழுக்க ரீங்காரம்தான். கொசுத்தேனீ கூட வரும். அது சுவர்ப் பொந்தில் கூடு கட்டும் ஜாதி, அதற்காக மட்டும் என் வீட்டுப் பின்சுவரில் ஒரு ஓட்டையைப் பூசாமல் விட்டிருக்கிறேன். அவரையில் அசுவினி அடைந்தால் உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். வேலியில் பொறிவண்டும் கும்பிடுபூச்சியும் குடியிருந்தால் கொஞ்ச நாளில் அவை வந்து தின்ன ஆரம்பிக்கும். மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான்.

ஒரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். நொச்சி வைத்தால் கொசு வராது என்று சொல்லி விற்கிறார்கள். செடி சும்மா நின்றால் கொசு ஒன்றும் ஓடாது. காய்ந்த நொச்சியிலையைச் சாயங்காலம் மூட்டம் போட்டால் கொஞ்ச நேரம் விலகும், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்.

எந்தச் செடி

எங்கள் ஊர்க் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு வேலிக்கு என்ன வைப்பது என்ற கேள்வியே வராது. காங்கேயம் மாடு மேயும் மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. மழை குறைந்த பூமியில் தண்ணீர் ஊற்றாமல், தலைமுறை தலைமுறையாக நிற்கும் வேலி. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் பச்சையாகிவிடும். இலையை ஆடு விரும்பித் தின்னும்.

வீட்டுத் தோட்டத்துக்குக் கிளுவை ஒன்றே போதாது, கோடையில் மொட்டையாகிவிடும் என்பதால். இரண்டு வரிசையாக வையுங்கள். வெளிவரிசை முழுக்க முள்ளுக்காகக் கிளுவை. உள்வரிசையில் ஆடாதொடை, நொச்சி, மருதாணி மூன்றையும் மாற்றி மாற்றி. ஆடாதொடையையும் நொச்சியையும் ஆடு தொடாது, வருஷம் முழுக்கப் பச்சை நிற்கும். மருதாணி பூத்தால் சாயங்காலம் வாசல் வரை மணக்கும். பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு களாச்செடி வைத்தால் முள்ளுக்கு முள், ஊறுகாய்க்குக் காய். கொடிக்குக் கோவை, பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், சங்குப்பூ. இதில் பாதி உங்கள் சமையலறைக்கே போய்விடும்.

ஒரே செடியை வரிசையாக வைத்து, கத்திரித்து, அளவெடுத்தாற்போல நிறுத்துவது பார்க்க அழகு. ஒரு பூச்சி விழுந்தால் மொத்த வரிசையும் போகும் என்பது அதிலுள்ள சிக்கல். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்படித்தான் பரவும். தேன்சிட்டுக்காக அங்கங்கே ஒன்றிரண்டு செம்பருத்தி இருக்கட்டும், முழு வேலியாக வேண்டாம்.

வேண்டாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. சீமைக்கருவேலத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உண்ணிச்செடியின் பூ கலர் கலராக இருக்கிறதே என்று கொண்டுவந்து வைக்காதீர்கள். அழகுக்கும் வேலிக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடிதான் இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லை முளைக்க விடாமல் அடைத்துக் கிடக்கிறது. பழத்தைக் குருவி தின்று விதையை எங்கும் போட்டுவிடும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். அப்புறம் கொனோகார்பஸ். சீக்கிரம் வளரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும் என்று லே-அவுட் காரர்கள் வரிசையாக நட்டார்கள். அதன் மகரந்தம் மூச்சுத் தொந்தரவு தரும், வேர் குழாயைத் தேடிப் போகும் என்ற புகார்களால் குஜராத் 2023-இல் தடை செய்தது. 2025-இல் தமிழ்நாடு அரசும் நடக்கூடாது என்று உத்தரவு போட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியும் காட்டாமணக்கும் வேண்டாம், இரண்டும் நஞ்சு. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டுகிற உங்களுக்கே ஆகாது.

நடும் வேலை

நூல் பிடிப்பதில் தொடங்குங்கள். சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் எல்லைக் கோட்டிலேயே பிடித்துவிடக் கூடாது. வேலி அகலம் போடும், அதனால் அத்துக்கல்லிலிருந்து, அதாவது எல்லைக் கல்லிலிருந்து, இரண்டடி உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அத்துக்கல் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின்னால் வரும் சண்டையில் பாதி அதனால் நிற்கும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டுக் கடைக்காலிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் நாலடியாவது தள்ளியிருக்கட்டும். பூவரசு, கொடுக்காப்புளி போல மரமாகிற எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காய்கறிப் பாத்திக்கும் வேலிக்கும் நடுவில் மூன்றடி நடைபாதை விடுங்கள், இல்லாவிட்டால் பாத்திக்கு ஊற்றும் தண்ணீரை வேலி குடித்துவிடும்.

நூலோடு இரண்டடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். எங்கள் பக்கம் ஒரு அடிக்குக் கீழே சுக்கான்கல் வந்துவிடும், கடப்பாரை இல்லாமல் வேலை நடக்காது. கட்டட வேலை முடிந்த மனை என்றால் அந்த மண்ணில் சிமெண்ட் கட்டி, பூச்சு உடைசல், டைல்ஸ் துண்டு எல்லாம் புதைந்திருக்கும். எங்கள் ஆட்கள் போட்டதுதான். அதைச் சலித்து எடுத்துவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து திரும்ப நிரப்புங்கள். மட்டத்துக்கு நிரப்பாமல் நாலு விரல் பள்ளமாக விடுங்கள். எடுத்த மண்ணில் மிச்சத்தைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால், மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்திலேயே நிற்கும்.

கிளுவைக்குப் போத்து, அதாவது நடுவதற்கான கிளை, வெட்டும் நேரம் கோடை. இலை இல்லாமல், துளிர் விடுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாமல், நாலடி நீளத்துக்கு. வெட்டியதும் நட்டுவிடாதீர்கள், நிழலில் சில நாள் சாத்தி வைத்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும். அப்புறம் முக்கால் அடி மண்ணுக்குள் போகும்படி, ஒரு அடிக்கு ஒன்றாக நட்டு, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்குங்கள். அடியில் காற்று நின்றால் வேர் பிடிக்காது. ஈரம் அதிகமானால் அழுகும், எனவே மழைக்காகக் காத்திருக்கட்டும், நீங்கள் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். எது மேல், எது கீழ் என்று வெட்டும்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்ட போத்து வேலிக்கு உதவாது.

நொச்சி, ஆடாதொடை, மருதாணிக் குச்சிகளுக்கு ஐப்பசி அடைமழை நல்லது. பென்சிலைவிடக் கொஞ்சம் பருத்த, முற்றிய குச்சி. நாலு கணு இருக்க வேண்டும். அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். கிளுவை வரிசைக்கு ஒன்றரை அடி உள்ளே, ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி. கூடியவரை வெளிவரிசைச் செடிக்கு நேராக வராமல் இரண்டு செடிக்கு நடுவில் வரும்படி, செங்கல் இணைப்பு மாற்றி வைப்பதுபோல் மாற்றி வையுங்கள். நேர் இணைப்பு விட்டால் சுவரும் பிளக்கும், வேலியிலும் சந்து விழும்.

முதல் வருஷத்து எதிரி வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை, ஆடு. கிளுவைத் துளிரைக் கண்டால் விடாது. வேலமுள்ளை வெட்டி வெளிப்பக்கம் படலாகப் போடுங்கள். முதல் கோடையில் உள்வரிசைக்கு வாரம் இரண்டு தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு. இரண்டாம் கோடையில் தண்ணீரைக் குறைத்து, மண்ணைக் காய விட்டுத்தான் பழக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும்.

வெட்டு

நட்டவர்களில் பாதிப்பேர் கோட்டை விடும் இடம் இது. இரண்டடி வளர்ந்த செடியை ஒரு அடிக்கு வெட்டு என்றால் மனசு வராது. வெட்டாமல் விட்டால் செடி நெட்டுக்குப் போய், மேலே இலையும் அடியில் சந்துமாக நிற்கும். கோழியும் நாயும் தாராளமாக நுழையும். வெட்டினால் அடியிலிருந்து நாலு கிளை வரும். அந்தக் கிளைகளை மறுபடி பாதிக்கு வெட்டுங்கள். ஐந்தடி உயரத்தை எட்ட அவசரமே படக்கூடாது.

கருங்கல்லில் தாங்குசுவர் கட்டும்போது அடியை அகலமாகவும் தலையைக் குறுகலாகவும் எடுப்போம். வேலியின் வடிவமும் அதுதான். சுவரில் அது பாரத்துக்காக, வேலியில் வெயிலுக்காக. தலை விரிந்தால் அடியில் நிழல் விழுந்து கீழ்க்கிளை செத்துவிடும். சந்து விழுந்த இடத்தில் பக்கத்துக் கிளையை வளைத்து, கணுவில் லேசாகச் சீவி, மண்ணுக்குள் அழுத்தி மேலே ஒரு கல்லை வைத்தால் பதியம் பிடித்துவிடும். புதுச்செடி தேட வேண்டியதில்லை.

வெட்டும் முன்னால் கிளையை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். ஒரு வருஷம் வெளிப்பக்கம், மறுவருஷம் உள்பக்கம் என்று வைத்துக்கொண்டால் பூவும் பழமும் எப்போதும் ஒரு பக்கமாவது இருக்கும். வெட்டிய தழையைக் கொளுத்தாதீர்கள். கிளுவைத் தழை ஆட்டுக்கு, மற்றது பாத்திக்கு மூடாக்கு. களைக்கொல்லி வேலியோரம் கூடவே கூடாது.

பாம்பு

வேலி என்றதும் எல்லோரும் கேட்பது இது. எதிர்வீட்டு அப்புச்சி இன்னும் விடவில்லை: "பாம்பு வந்து அடையாதா கண்ணு?" வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அடர்ந்த இடத்தில் வரத்தான் செய்யும். ஆனால் பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நம் குப்பையைத் தேடி வருகிறது. வேலியோரம் செங்கல், ஓடு, விறகு எதையும் குவித்து வைக்காதீர்கள். சோற்றுக் குப்பையை அங்கே கொட்டாதீர்கள். வீட்டைப் பார்த்த பக்கத்தில் அடிக்கிளையை முக்கால் அடி உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரை தெரியும். நடைபாதையைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் போக வேண்டாம், பந்து உள்ளே போனால் குழந்தைகள் கையை விடாமல் கோலால் எடுக்கட்டும். வாசலையும் ஜன்னலையும் ஒட்டி வேலி வேண்டாம். கைவிடப்பட்ட செங்கல் குவியலைப் பிரிக்கும்போது நான் பார்த்த பாம்புகளில் பாதியைக்கூட வேலியில் பார்த்ததில்லை.

போத்துக்கு நர்சரியில் தேடி அலையாதீர்கள், கிளுவையை அங்கே பெரும்பாலும் வைத்திருப்பதில்லை. கொறங்காட்டுக்காரர்கள் வேலியைக் கழிக்கும் சமயத்தில் போய்க் கேட்டால், வெட்டிப் போட்டதை அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். வண்டி வாடகை மட்டும்தான் உங்கள் செலவு. கையுறை கொண்டுபோங்கள், சிமெண்ட்டில் காய்த்த என் கையையே அந்த முள் விடவில்லை.